தட்டில் நின்ற பூசணம் பழத்தில் ஏன் நிற்கவில்லை? (வாசனை எண்ணெய்களும் பழ அழுகலும்)

இலைப்புள்ளி:
எலுமிச்சைப்புல் எண்ணெய், மாங்காயில் ஆந்த்ராக்னோஸ் (பழத்தில் கரும்புள்ளி போடும் பூசண நோய்). ஆய்வகத் தட்டில் பூசணம் வளர்க்கும் அகார்க் கூழில் 500 பிபிஎம் (பத்து லட்சத்தில் 500 பங்கு) கலந்தால், அந்த நோயின் பூசணமான கொலெட்டோட்ரைக்கம் ஏழு நாளும் அசையவில்லை. அதே எண்ணெயை 1000 பிபிஎம் ஆக்கி, பாத்திரம் கழுவும் திரவம் விட்டுக் கலக்கி, முற்றிய காய்களை 2 நிமிடம் முக்கி எடுத்தால், வெறும் தண்ணீரில் முக்கியதற்கும் இதற்கும் வித்தியாசமே இல்லை. பழுக்கும்போது கரும்புள்ளி அப்படியே வருகிறது. போதாக்குறைக்கு, தோல் துளைகளைச் சுற்றிப் பழுப்பு வளையம் வேறு. அளவு போதவில்லையா, கலக்கிய விதம் தப்பா, இல்லை இந்த எண்ணெயே மாவுக்கு ஒத்து வராதா?

அகார்த்தட்டு:
அளவை ஏற்றிவிடாதீர்கள். வளையம் விழுந்துவிட்டது என்றால் தோல் தாங்கும் எல்லையை ஏற்கெனவே தொட்டுவிட்டீர்கள் என்று பொருள்.

முதலில் பூசணம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். தட்டில் அது எண்ணெய் கலந்த ஊடகத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது, மேலே மூடியும் இருக்கிறது. ஆவி எங்கும் போக முடியாது. மாங்காயில் கதை வேறு. காய் சிறிதாக இருக்கும்போதே மழைத்துளியோடு வந்து விழுந்த வித்து முளைத்து, நுனியில் கருத்த ஒட்டுறுப்பை உண்டாக்கி, மெழுகுப் படலத்துக்குள் ஊசிமுனை போல ஒன்றை இறக்கிவிட்டு உறங்கிவிடும். காய் பச்சையாக இருக்கும்வரை தோலில் உள்ள ரெசார்சினால் வகைப் பொருள்கள் அதை அடக்கி வைத்திருக்கும். பழுக்கையில் அவை குறையும், பூசணம் விழித்துக்கொள்ளும். அறுவடைக்குப் பின் 2 நிமிடம் முக்கும்போது நீங்கள் கழுவுவது மேலே கிடக்கும் வித்துகளை மட்டும்தான். புள்ளி போடப்போவது உள்ளே உறங்குவது.

எண்ணெயின் பெரும்பகுதி தோலின் மெழுகில் கரைந்து அங்கேயே நின்றுவிடும். மிச்சம் சில மணி நேரத்தில் ஆவியாகிவிடும். தட்டில் 500 என்பது ஏழு நாளும் 500க்குப் பக்கத்தில் இருக்கிறது. பழத்தில் 1000 என்பது முக்கி எடுத்த அந்த நிமிடத்துக்கு மட்டும்.

இன்னொன்று, தட்டில் வளராத அந்தப் பூசண வில்லையை எடுத்து எண்ணெய் இல்லாத புதுத் தட்டில் வைத்துப் பார்த்தீர்களா? ஒரு வாரத்தில் வளர்ந்துவிட்டால் எண்ணெய் அதைக் கொல்லவில்லை, நிறுத்தி மட்டும் வைத்திருந்தது. பழத்தில் எண்ணெய் பறந்ததும் அது மறுபடி கிளம்பும். இந்தச் சோதனையைச் செய்யாமல் தட்டு முடிவை வைத்துப் பழத்துக்கு அளவு தீர்மானிக்க முடியாது.

சொட்டுநீர்:
கலக்கிய விதமும் தப்புதான். பாத்திரத் திரவம் எதிர்மின் சுமை உள்ள சவர்க்காரம். அதில் உப்பு, நறுமணம், சாயம் எல்லாம் இருக்கும், தோல் மெழுகையும் உரிக்கும். அந்தப் பழுப்பு வளையத்தில் பாதிப் பழி அதற்கு இருக்கலாம். தனியாக அதை மட்டும் கரைத்த தண்ணீரில் ஒரு தொகுதிக் காயை முக்கினால் தெரிந்துவிடும். குளியல் சோப்புக் கரைசலும் வேண்டாம். கடினத் தண்ணீரில் அது சுண்ணாம்போடு சேர்ந்து திரிந்துவிடும், எண்ணெய் மேலே படலமாக மிதக்கும்.

பாலிசார்பேட் 80 அல்லது 20 பயன்படுத்துங்கள், ட்வீன் என்ற பெயரில் கிடைப்பதுதான். 10 லிட்டர் குளியலுக்கு:

எண்ணெய் 10 மி.லி. (0.1%, அதாவது 1000 பிபிஎம்), ட்வீன் 80 5 முதல் 10 மி.லி. இரண்டையும் தண்ணீர் படாத உலர்ந்த குவளையில் ஒரே நிறமாகும்வரை கலக்குங்கள். பிறகு 100 மி.லி. தண்ணீரைச் சிறிது சிறிதாக விட்டு வேகமாக அடியுங்கள். முதலில் கெட்டியாகும், பிறகு பாலாகும். பாலான பிறகே மிச்சத் தண்ணீரில் ஊற்ற வேண்டும். நிறையப் பேர் தொட்டித் தண்ணீரில் எண்ணெயை ஊற்றிவிட்டு அதன் மேல் ட்வீனை ஊற்றுகிறார்கள். அப்படிச் செய்தால் துளிகள் பெரிதாகவே நிற்கும், பெரிய துளி ஒட்டிய இடத்தில் தோல் வேகும். உங்கள் வளையம் துளைகளைச் சுற்றி இருப்பதற்குக் காரணம், துளி அங்கே தேங்கி உள்ளே இறங்குவது.

ட்வீனை அள்ளி ஊற்றுவதும் கெடுதல். அளவு மிஞ்சினால் எண்ணெய் அதன் நுண்குமிழ்களுக்குள்ளேயே சிறைப்பட்டுக் கிடக்கும், பூசணத்தைப் போய்ச் சேராது. பால் அருமையாக நிற்கும், வேலை மட்டும் நடக்காது. எண்ணெய்க்குச் சமமான அளவைத் தாண்ட வேண்டாம்.

தயாரித்த பாலைக் கண்ணாடிக் குப்பியில் 2 மணி நேரம் வைத்துப் பாருங்கள். மேலே வளையம் கட்டினாலும் அடியில் துளி தங்கினாலும் அது பழத்துக்கு ஆகாது. இதில் ஒரு நுட்பம்: எலுமிச்சைப்புல் எண்ணெய் தண்ணீரைவிட லேசு, மிதக்கும். கிராம்பு எண்ணெயும் பட்டை எண்ணெயும் தண்ணீரைவிடக் கனம், அடியில் தங்கும். மேற்பரப்பில் படலம் இல்லை என்பதை வைத்துக் கிராம்பு எண்ணெய் கலந்துவிட்டது என்று நினைத்தால், அடியிலிருந்து உறிஞ்சும் தெளிப்பானில் முதல் சில மரங்கள் கருகும், கடைசி மரங்களுக்கு வெறும் தண்ணீர் போகும்.

நாள்கணக்கில் வைக்கும் பால்மம் வேண்டுமென்றால் எண்ணெயில் கால் பங்காவது சூரியகாந்தி எண்ணெய் சேருங்கள். வாசனை எண்ணெய் தண்ணீரில் கொஞ்சம் கரையும். அதனால் சிறு துளிகள் கரைந்து பெரிய துளிகளோடு சேர்ந்துகொண்டே போகும். கரையாத கொழுப்பு எண்ணெய் உள்ளே இருந்தால் அது நடக்காது. ஒலியலைக் கருவியில் மணிக்கணக்காக அடித்துத் துளியைச் சிறிதாக்கிவிட்டு மறுநாளே பிரிந்துவிட்டது என்று புலம்புவோருக்கும் இதே பதில்தான்.

கரிசல்:
எண்ணெய் எது என்ற கேள்வியை யாரும் தொடவில்லையே. தைம், ஓரிகானோ, கிராம்பு, பட்டை, எலுமிச்சைப்புல், யூகலிப்டஸ் எல்லாம் ஒரே வரிசையில் வைக்கத் தக்கவைதானா?

அகார்த்தட்டு:
இல்லை. செடியின் பெயரைப் பார்க்காதீர்கள், உள்ளே இருக்கும் பொருளைப் பாருங்கள்.

பீனால் வகை: தைமால், கார்வக்ரால், யூஜினால். தைமும் ஓரிகானோவும் மட்டுமல்ல, ஓம எண்ணெயிலும் தைமால் தாராளம். கற்பூரவல்லியில் கார்வக்ராலோ தைமாலோ முன்னிற்கும். கிராம்பில் பெரும்பகுதி யூஜினால். இவை பூசணத்தின் செல் சவ்வில் புகுந்து அதை ஓட்டையாக்கும், உள்ளிருக்கும் அயனிகள் வெளியே கசியும். ஆல்டிஹைடு வகை: பட்டையின் சின்னமால்டிஹைடு, எலுமிச்சைப்புல்லின் சிட்ரால். இவை புரதங்களோடும் வினைபுரியும். இந்த இரண்டு வகைக்கும் அடுத்த படியில்தான் ஜெரானியால் போன்ற ஆல்கஹால்கள். யூகலிப்டஸின் சினியோல், ஆரஞ்சுத் தோலின் லிமோனீன் எல்லாம் பழ அழுகல் பூசணத்துக்கு எதிராக மிகவும் பின்னால் நிற்பவை.

ஒரே பெயரில் இரண்டு சரக்கு வருவதுதான் சிக்கல். பட்டை மரத்தின் பட்டையிலிருந்து எடுத்தால் சின்னமால்டிஹைடு, இலையிலிருந்து எடுத்தால் யூஜினால். தைமில் தைமால் வகையும் உண்டு, லினலூல் வகையும் உண்டு. பின்னதை வாங்கிவிட்டு ‘தைம் வேலை செய்யவில்லை’ என்று எழுதுகிறார்கள். வாயு நிறப்பிரிகை அறிக்கை (எந்தப் பொருள் எவ்வளவு என்று பிரித்துக் காட்டும் ஆய்வக அறிக்கை) இல்லாத எண்ணெயை வைத்து அளவு பேசுவது வீண். கொழுப்பு எண்ணெய் கலப்படத்துக்கு மட்டும் எளிய சோதனை இருக்கிறது: வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டு ஒரு நாள் விடுங்கள். எண்ணெய்க் கறை நின்றால் சந்தேகப்படலாம். ஆனால் ஆல்கஹாலோ லிமோனீன் போன்ற மலிவான டர்பீனோ கலந்திருந்தால் தாள் காட்டிக் கொடுக்காது.

காம்புநுனி:
எலுமிச்சை, ஆரஞ்சு வைத்திருப்போர் கவனிக்க: பச்சைப் பூசணத்துக்கு ஆரஞ்சு எண்ணெய் அடிக்க வேண்டாம். அந்தப் பூசணமான பெனிசிலியம் டிஜிடேட்டம் காயத்தின் வழியாகத்தான் நுழையும். காயம் பட்ட தோலிலிருந்து வரும் லிமோனீன் வாசனையே அதன் வித்துகளை முளைக்கத் தூண்டும். எதிரிக்கு நாமே வழி சொல்வது போல ஆகிவிடும். அதே ஆரஞ்சு எண்ணெய் இலைமேல் வெண்பொடியாகப் படரும் சாம்பல் நோய்க்கு நன்றாக வேலை செய்யும், அந்தப் பூசணம் வெளியிலேயே படர்வதால் நேரடியாகக் காய்ந்துவிடும்.

ஆந்த்ராக்னோஸ் போல இங்கே மாதக்கணக்கான உறக்கம் கிடையாது. பறிக்கும்போது விழுந்த கீறலில் அன்றே வித்து முளைக்கத் தொடங்கும். எனவே பறித்த அன்றே, அதிகம் போனால் 24 மணி நேரத்துக்குள், தைமால் அல்லது சிட்ரால் உள்ள எண்ணெயில் முக்குவதற்கு அர்த்தம் உண்டு. மறுநாள் மாலை முக்கினால் வாசனைதான் மிச்சம். ஆனால் எலுமிச்சை இனத் தோலில் எண்ணெய்ச் சுரப்பிகள் உடைந்தாலே பழுப்புத் திட்டு விழும். விடியலில் தோல் விறைப்பாக இருக்கும்போது பறித்து உடனே முக்கினால் திட்டுக்கு எண்ணெயைக் குறை சொல்லக்கூடாது.

இலைப்புள்ளி:
அப்படியானால் உறங்கும் பூசணத்தை எட்ட என்ன வழி? ஆவியாகக் கொடுத்தால் உள்ளே போகுமா?

மூடிபோட்டவன்:
ஆவியாகக் கொடுத்தால் திரவத்தைவிடக் குறைந்த அளவிலேயே வேலை நடக்கும், தோலும் நனையாது. ஸ்ட்ராபெரி, திராட்சை போல முக்க முடியாத பழங்களில் சாம்பல் அழுகலுக்கு (போட்ரைட்டிஸ் பூசணம், இலையின் சாம்பல் நோய் வேறு) இதுவே சரியான வழி. காற்றில் லிட்டருக்கு 250 மைக்ரோ லிட்டர் வைத்து 24 மணி நேரம் மூடி வைக்கலாம்.

சொட்டுநீர்:
கொஞ்சம் நில்லுங்கள். 250 பிபிஎம் குளியல் வேறு, காற்றில் லிட்டருக்கு 250 மைக்ரோ லிட்டர் வேறு. இந்த இரண்டையும் குழப்பித்தான் ஸ்ட்ராபெரியின் பச்சை மகுடம் கருகுகிறது. கணக்கை ஒழுங்காகப் போடுவோம்.

60 லிட்டர் பெட்டி, உள்ளே 20 கிலோ பழம். பழத்தின் அடர்த்தி ஏறக்குறைய தண்ணீர் அளவு, எனவே 20 லிட்டர் இடம் பழத்துக்குப் போகும். மிச்சக் காற்று 40 லிட்டர். லிட்டருக்கு 50 மைக்ரோ லிட்டர் என்றால் 2 மி.லி. எண்ணெய். அதை வடிதாளில் விட்டு, மூடியின் உட்பக்கம் பழத்தில் படாமல் தொங்கவிட வேண்டும். 250 என்றால் 10 மி.லி. அத்தனையும் ஒரே நேரத்தில் ஆவியாகாது. தைமாலின் ஆவியழுத்தம் மிகக் குறைவு, தாள் ஒரு கையிருப்பாகத்தான் நிற்கும். அளவை ஐந்து மடங்காக்கினால் காற்றில் ஐந்து மடங்கு ஆகாது, கருகும் ஆபத்தும் நாற்றமும்தான் கூடும். உண்மையில் தீர்மானிப்பது நேரமும் வெப்பநிலையும். 4 டிகிரி குளிரறையில் ஆவியாவது இன்னும் மெதுவாகும்.

அடுத்து 24 மணி நேரம். எந்தப் பழத்துக்கு? கிலோவுக்கு மணிக்கு 100 மில்லிகிராம் அளவில் மூச்சுவிடும் மாம்பழம் 20 கிலோ இருந்தால், 25 டிகிரியில் மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல் கரியமில வாயு. 40 லிட்டர் காற்றில் நான்கு மணி நேரத்திலேயே 10% ஆகிவிடும். மறுநாள் திறந்தால் பழம் புளித்த வாடை அடிக்கும், பழி எண்ணெய்மேல் விழும். குளிர்ந்த ஸ்ட்ராபெரி மெதுவாக மூச்சுவிடும், 15% கரியமில வாயுவையும் தாங்கும், அதற்கு வேண்டுமானால் ஒரு நாள் சரி. மாவுக்கு 2, 3 மணி நேரம், நடுவே திறந்து காற்றோட்டம்.

பெட்டியும் முக்கியம். அட்டைப்பெட்டி ஆவியைக் குடித்துவிடும். தெர்மக்கோல் பெட்டியை வாசனை எண்ணெய்கள், முக்கியமாக லிமோனீன் உள்ளவை, கரைத்தே விடும். மெல்லிய பாலித்தீன் பையிலும் கசிவு உண்டு. ரப்பர் வளையங்கள் ஊதிவிடும், தெளிப்பான் நாசிலில் இருப்பதும் சேர்த்துத்தான்.

மூடிபோட்டவன்:
ஒப்புக்கொள்கிறேன், மாவுக்கு 24 மணி நேரம் கூடாது. ஆனால் ஆவி உறங்கும் பூசணத்தை எட்டுமா என்ற கேள்விக்குப் பதில்: ஓரளவுக்கு. மெழுகில் கரைந்து இறங்கும், அதற்கு மேல் தனியாக நம்ப முடியாது.

காம்புநுனி:
உறங்குவதை எட்டுவது வெந்நீர். மாவுக்கு 52 முதல் 55 டிகிரியில் 5 முதல் 10 நிமிடம் என்பது பழைய, நிலைத்த முறை. இரகத்துக்கு இரகம் தாங்குதிறன் மாறும், 2 டிகிரி கூடினாலே தோல் வெந்துவிடும். எனவே தொட்டியின் நடுவிலும் மூலையிலும் வெப்பமானி வையுங்கள், தண்ணீர் சுழல வேண்டும். காயைப் போட்டதும் வெப்பம் இறங்கும், அந்த இறக்கத்தையும் கணக்கில் எடுங்கள். எண்ணெயை வெந்நீரிலேயே கலக்கலாமா என்று கேட்பார்கள். கலந்தால் பாதி ஆவியாகித் தொட்டிக்கு அருகில் நிற்பவரின் கண்ணைத்தான் எரிக்கும். வெந்நீர் முதலில், ஆற வைத்து, தோல் உலர்ந்த பிறகு எண்ணெய் கலந்த பூச்சு.

கரிசல்:
பூச்சு எப்படிச் செய்வது? கைட்டோசான் (இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுக்கும் பொருள்) பூச்சு திரிந்து நூல் நூலாகிவிடுவதாகப் பலர் சொல்கிறார்கள்.

சொட்டுநீர்:
திரிவதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணம். ஒன்று, பிஎச் 6ஐத் தாண்டிவிட்டது. இரண்டு, சோப்போ சவர்க்காரமோ கலந்துவிட்டது. கைட்டோசான் நேர்மின் சுமை உள்ளது, எதிர்மின் சவர்க்காரம் பட்டதும் கட்டிவிடும். இங்கேயும் ட்வீன்தான், அதற்குச் சுமை இல்லை.

1 லிட்டருக்கு: 990 மி.லி. தண்ணீரில் 10 மி.லி. அடர் அசிட்டிக் அமிலம், அதில் 10 கிராம் கைட்டோசான் தூவி இரவு முழுக்கக் கலக்க வேண்டும். கரையாத துகளை மஸ்லின் துணியில் வடிகட்டி, சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு பிஎச் 5 முதல் 5.5க்குக் கொண்டு வாருங்கள். ஒரே இடத்தில் ஊற்றினால் அந்த இடத்தில் மட்டும் கட்டிவிடும். பூச்சு வெடிக்காமல் இருக்க 5 முதல் 7 மி.லி. கிளிசரால். கடைசியாக 1 மி.லி. எண்ணெயை 1 மி.லி. ட்வீனோடு கலந்து சேர்த்து, அதிவேகக் கலக்கியில் 3 நிமிடம். நுரை அடங்கும்வரை காத்திருங்கள், நுரையோடு முக்கினால் குமிழி நின்ற இடத்தில் பூச்சு இருக்காது.

கருவேலம் பிசின் வகையில் (கம் அராபிக்) 10% கரைசலோடு 0.4% பட்டை எண்ணெய் என்பது வாழை, பப்பாளி ஆந்த்ராக்னோஸுக்கு ஆய்வுகளில் நன்றாக வந்த கலவை. 100 கிராம் பிசின் தூளை 40 டிகிரி தண்ணீரில் ஒரு மணி நேரம் கலக்கி வடிகட்டுங்கள். பிசினையும் கைட்டோசானையும் ஒரே பாத்திரத்தில் கலக்காதீர்கள், எதிரெதிர்ச் சுமை, கட்டிவிடும். பூச்சு தடித்தால் பழம் மூச்சு முட்டி உள்ளே புளிக்கும், தோல் பச்சையாகவே நிற்கும். பூச்சின் வேலையே எண்ணெயை மெதுவாக விடுவதுதான், அதனால் குளியலுக்கு 0.1% கருக்கிய எண்ணெய் பூச்சில் அதே அளவில் கருக்காமல் போகலாம். நிச்சயம் என்று சொல்லமாட்டேன், உங்கள் இரகத்தில் பார்க்க வேண்டும்.

நிழல்வலை:
தோட்டத்தில் தெளிப்பது பற்றி ஒரு வார்த்தை. இது முன்கூட்டி அடிக்கும் மருந்து, உள்ளே போய்விட்ட நோயைத் துரத்தாது. இலையில் நிற்பது ஓரிரு நாள்தான், மழை வந்தால் அதுவும் இல்லை. நோய்க்காலத்தில் 7 நாளுக்கு ஒருமுறையாவது வேண்டியிருக்கும். அந்தச் செலவும் உழைப்பும் கட்டுப்படியாகாது என்றால் ஆரம்பிக்கவே வேண்டாம். 30 டிகிரிக்கு மேல் வெயிலில் அடித்தால் கருகும், மாலையில் அடியுங்கள். கந்தகம் தெளித்த தோட்டத்தில் இரண்டு வாரம் கழியாமல் எந்த எண்ணெயும் வேண்டாம். பூ விரிந்திருக்கும்போது வேண்டாம், மகரந்தம் கருகும், தேனீயும் வராது. முதலில் ஒரு கிளையில் அடித்து 48 மணி நேரம் விட்டு, இளந்தளிரையும் காயின் வெயில்பட்ட பக்கத்தையும் பாருங்கள்.

சீக்கிரம் பறந்துபோவதற்கு மருந்தாக ஒன்று வந்திருக்கிறது. யூஜினால், ஜெரானியால், தைமால் மூன்றையும் ஈஸ்ட் செல்லின் சுவருக்குள் அடைத்தது. 2013இல் ஐரோப்பிய ஒன்றியம் இந்த மூன்று பொருள்களையும் அனுமதித்தது, திராட்சையின் சாம்பல் அழுகலுக்குப் பயன்படுகிறது. ஈரம் பட்டதும் உறை விடும், ஈரம் இருக்கும்போதுதான் பூசணமும் முளைக்கும்.

கையுறையும் கண்ணாடியும் போடாமல் பட்டை எண்ணெயைத் தொடாதீர்கள். சின்னமால்டிஹைடு ஒருமுறை தோலில் ஒவ்வாமை உண்டாக்கினால் பிறகு சிறு அளவுக்கே கிளம்பும். அரைக்குப்பியாகக் காற்றோடு வைத்த பழைய எண்ணெயும் அப்படித்தான், ஆக்சிஜன் பட்டுக் கெட்ட லிமோனீனும் தோலுக்கு ஆகாது. பழுப்புக் குப்பி, நிரம்ப ஊற்றி, குளிர்ந்த இடம்.

இலைப்புள்ளி:
சரி. அடுத்த தொகுதிக்கு ஐந்து வகை: வெறும் தண்ணீர், ட்வீன் மட்டும், வெந்நீர் மட்டும், வெந்நீரும் எண்ணெய் இல்லாத பூச்சும், வெந்நீரும் 0.1% எண்ணெய்ப் பூச்சும். வகைக்கு 30 காய், 10 வீதம் மூன்று தட்டு. காயம் செய்து பூசணம் வைக்காமல் இயற்கையாக வந்ததையே பார்க்கப் போகிறேன். எல்லாத் தட்டும் ஒரே அறையில், 25 டிகிரி.

அகார்த்தட்டு:
வகைகள் சரி. வெந்நீரோடு எண்ணெய் சேர்ந்து என்ன கூட்டியது என்பது கடைசி இரண்டின் வித்தியாசத்தில்தான் தெரியும், மற்றதை வைத்து எண்ணெயைப் புகழாதீர்கள். ‘புள்ளி உண்டா இல்லையா’ என்று மட்டும் எழுதாமல், தோலில் எத்தனை விழுக்காடு கருத்தது என்று பழுத்த நிலையை வைத்துக் குறியுங்கள். பூச்சு பழுப்பதைத் தள்ளிப்போடும், ஆறாம் நாள் என்று நாள் வைத்து ஒப்பிட்டால் பழுக்காத காயைப் பார்த்து நோய் குறைந்தது என்று எழுதிவிடுவீர்கள்.

ஒரே அறை மட்டும் வேண்டாம். எண்ணெய்ப் பூச்சுத் தட்டிலிருந்து வரும் ஆவி பக்கத்துத் தட்டின் மெழுகிலும் போய் ஒட்டும். தண்ணீர்த் தட்டிலும் நோய் குறையும், வித்தியாசம் இல்லை என்று முடிவு வரும். ஒரே வெப்பநிலை உள்ள இரண்டு அறை, அது இல்லையென்றால் எண்ணெய்த் தட்டுகளுக்குத் தனிக் காற்றுப்போக்கி.